ஊதியப் பட்டியலில் இல்லாதவர்கள்

ஐரோப்பியக் குடியேற்றம் எட்டாத வட அமெரிக்க எல்லைப்புறங்களை வெளியுலகம் அறிந்துகொண்ட வரலாறு, பயணங்களை நடத்திய ஆண்களின் நாட்குறிப்புகளையும் நிலப்படங்களையும் அடிப்படையாகக் கொண்டே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. எழுதியவரே கண்டறிந்தவர் என்னும் அளவுகோல் நிலைத்துவிட்டதால், பேச்சுவார்த்தை, உணவு, உடை, பாதுகாப்பு என ஒரு பயணத்தை நடக்கச் செய்த வேலைகள் துணைப்பணிகளாகச் சுருக்கப்பட்டன. அவற்றைச் செய்த பழங்குடிப் பெண்களும் வரலாற்றின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர்.

1804 முதல் 1806 வரை மிசூரி ஆற்றின் வழியே பசிபிக் கடலுக்குச் சென்று திரும்பிய, லூயிஸ், கிளார்க் என்னும் அமெரிக்கப் படை அதிகாரிகளின் குழுவில் இடம்பெற்ற ஒரே பெண் சகாகவியா. ஷோஷோனி இனத்தில் பிறந்து, சிறுமியாக இருக்கும்போதே ஹிடாட்சா இனத்தாரால் சிறைபிடிக்கப்பட்டு, பின்னர் ஷார்போனோ என்னும் பிரெஞ்சுக் கனடிய வணிகரின் மனைவியாக்கப்பட்ட இவர், 1805 பிப்ரவரியில் பிறந்த ஆண்குழந்தையைச் சுமந்துகொண்டு அதே ஆண்டு ஏப்ரலில் குழுவோடு புறப்பட்டார். கூரிய கழியால் நிலத்தைக் கிளறி, எலிகள் சேர்த்துவைத்திருந்த கிழங்குகளை அவர் எடுத்து வந்ததையும், மே மாதம் படகு கவிழ இருந்தபோது நீரில் மிதந்த பொருள்களைப் பதற்றமின்றி மீட்டதையும் லூயிஸின் நாட்குறிப்பே பதிவு செய்கிறது.

ராக்கி மலைத்தொடரைக் கடக்கக் குதிரைகள் இன்றியமையாதவையாக இருந்தன. அவற்றை விற்கக்கூடியவர்கள் ஷோஷோனியர். அவர்கள் பேசியதைச் சகாகவியா ஹிடாட்சாவிலும், அதை ஷார்போனோ பிரெஞ்சிலும், அதைக் குழுவினர் ஒருவர் ஆங்கிலத்திலும் சொல்ல, அந்த மொழிச் சங்கிலியின் வழியாகவே பேச்சு நடந்தது. அந்த ஷோஷோனியரின் தலைவர் சகாகவியாவின் உடன்பிறந்தவராகவே இருந்தார். ஆண்கள் கூட்டத்தில் ஒரு பெண் இருப்பது சமாதானத்தின் அடையாளம் என்பதால் எதிர்ப்பட்ட இனத்தார் அச்சம் நீங்கினர் என்று 1805 அக்டோபரில் கிளார்க் எழுதினார். எனினும் பயணம் முடிந்ததும் ஷார்போனோவுக்கு 500 டாலருக்குச் சற்று மேல் கிடைத்தது. படைவீரர்களுக்கு இரட்டை ஊதியமும் ஆளுக்கு 320 ஏக்கர் நிலமும் வழங்கப்பட்டன. சகாகவியாவுக்கும், கிளார்க்கின் அடிமையாகப் பயணம் செய்த யார்க்குக்கும் எதுவும் வழங்கப்படவில்லை.

இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்த புறக்கணிப்பன்று. கனடாவின் வடபகுதியில் தோல் வணிகம் நடத்திய ஹட்சன் விரிகுடா நிறுவனத்துக்காக, பகைமை கொண்டிருந்த கிரீ, சிப்பேவையன் இனங்களுக்கிடையே 1715–16இல் சமாதானத்தை உருவாக்கியவர் தனதெல்தர் என்னும் சிப்பேவையன் பெண். நிறுவனத்தின் பதிவேடுகள் அவரை ‘அடிமைப் பெண்’ என்றே குறித்தன. அவர் பெயரைக் காத்து வைத்தது அவர் மக்களின் வாய்மொழி மரபு. அதே நிறுவனத்தின் சாமுவேல் ஹெர்ன் வடகடலை நோக்கிய பயணத்தில் இருமுறை தோற்றபோது, பெண்களை உடன் அழைத்துச் செல்லாததே தோல்விக்கு முக்கியக் காரணம் என்று மடோனபி என்னும் சிப்பேவையன் தலைவர் விளக்கினார்; சுமை இழுக்கவும், கூடாரம் அமைக்கவும், குளிருக்கேற்ற உடை தைக்கவும் பெண்களின்றி நெடும்பயணம் இயலாது என்பது அவர் வாதம். பெண்களும் உடன்சென்ற மூன்றாம் பயணத்தில், 1771இல், ஹெர்ன் ஆர்க்டிக் கடற்கரையை அடைந்தார். அந்தப் பெண்களின் பெயர்கள் ஹெர்னின் புகழோடு சேரவில்லை.

பிற்காலத்தில் சகாகவியா போற்றப்பட்டார் என்பது உண்மை. 1905இல் போர்ட்லாந்தில் சிலை எழுந்தது. 2000இல் ஒரு டாலர் நாணயத்தில் உருவம் பொறிக்கப்பட்டது. ஆயினும் குழு முழுமைக்கும் வழிகாட்டிய வீராங்கனையாக அவரை உயர்த்திய கதை, அவர் உண்மையில் வழிகாட்டியது தமக்குப் பழக்கமான சில பகுதிகளில் மட்டுமே என்பதையும், மொழிபெயர்ப்பும் உணவு தேடலுமே அவருடைய பெரும்பங்கு என்பதையும் மறைத்துவிட்டது. அவர் இந்தப் பயணத்தைத் தாமே தேர்ந்துகொண்டவரல்லர் என்பதும் அந்தக் கதையில் மங்கிப்போயிற்று. திறந்துவிடப்பட்ட பாதையில் குடியேறிகள் வந்தபின், அவர் பிறந்த லெம்ஹி ஷோஷோனியர் 1907இல் தம் பள்ளத்தாக்கிலிருந்து அகற்றப்பட்டனர் என்பதையும் சேர்த்தே அந்த வரலாறு சொல்லப்பட வேண்டும்.

ஆகவே, தலைவர்கள் வரிசையில் சில பெண்பெயர்களைச் சேர்ப்பதோடு இந்தக் கடன் தீராது. நிலத்தை அளந்து எழுதியது எவ்வளவு கண்டறிதலோ, அந்த நிலத்து மக்களோடு பேசியதும், அதில் உண்ணத்தக்கதை இனங்கண்டதும், குளிரில் உயிர் காத்ததும் அவ்வளவே கண்டறிதல் என்று வரலாற்றின் வரையறை மாற வேண்டும். அதற்கான சான்றுகள் அந்த நாட்குறிப்புகளிலேயே உள்ளன. அவற்றை வாய்மொழி மரபுகளுக்குச் சமமான இடம் தந்து மீண்டும் படிப்பது, இனி எழுதப்படும் ஒவ்வொரு வரலாற்றின் கடமையாகும்.