பாசி என்னும் ஒற்றைச் சொல்

பாசி என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடுகிறோம் நாம். மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் பாசியெடுக்கும் இராமநாதபுரத்துப் பெண்களுக்கு அது போதாது. அலையடிக்கும் பாறையிலும் மடிந்த பவளத்திலும் பற்றி, விறைத்த தண்டின் இருபுறமும் சிறுகிளை விடும் செம்பாசி அவர்களுக்கு 'மரிக்கொழுந்து'. அறிவியலில் ஜெலிடியெல்லா அசெரோசா. வழுவழுப்பாகக் கவர்விட்டு வளர்வது 'கஞ்சிப்பாசி'; கிராசிலேரியா எடுலிஸ். இரண்டிலிருந்தும் அகர் எடுக்கிறார்கள்.

1986இல் 21 தீவுகளும் சூழ்ந்த கடலும் தேசியப் பூங்காவானபின் அங்கே பாசியெடுப்பது குற்றமாயிற்று. பவளத்தைக் காக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பாசி எங்கே பற்றும் என்றறிந்தவர்களை விலக்கிவைத்துக் காவல் திட்டம் தீட்டுவது முறையன்று. அவர்கள் கடலிறங்காவிட்டால் இப்பெயர்களும் வழக்கொழியும். அவற்றைத் தொகுக்கும் பணியையேனும் இலக்கிய வாசகர்களாகிய நாம் தொடங்கலாமே.