மீட்டர்ப் பெட்டிக்கு எலுமிச்சம்பழம்

கலசப்பாக்கத்தில் தறி ஓட்டிச் சேர்த்த பணத்தில் ஒருவர் வீடு கட்டினால், நாள் பார்க்கச் சோதிடரையும், புகுவிழாவுக்குப் புரோகிதரையும் ஊர் ஊராய் விசாரித்து அழைக்கின்றார். சுவருக்குள் மின்சாரக் கம்பி போடுகின்றவரிடம் மாத்திரம், "அய்யா, லைசென்சு உண்டா?" என்று கேட்பதில்லை.

பல்பு, பியூஸ் மாற்றுவது போன்ற சில்லறை வேலை நீங்கலாக, மற்றதை லைசென்சு பெற்ற காண்டிராக்டரே செய்ய வேண்டுமென்று 1956-ம் வருஷத்து மின்சார விதிகளின் 45-வது விதி சொல்லிற்று. அவ்விதிகள் போய்ப் பின் வந்தவையும் அதையே சொல்லுகின்றன. ஆனால் லைசென்சுக்காரர் கையெழுத்தை மாத்திரம் விற்றுவிட்டு, வேலைக்கு யாரையோ அனுப்புவதும் நடக்கின்றது.

அப்படி வந்தவர் முதலில் மிச்சம் பிடிப்பது எர்த் கம்பியில்தான். விளக்கு எரியும்; நூல் சுற்றும் மோட்டாரும் ஓடும்; குற்றம் தெரியாது. என்றோ மோட்டார்க் கூட்டில் மின்சாரம் கசிந்தால், அதைத் தொட்ட பெண்ணின் உடம்பே எர்த் ஆகிவிடுகின்றது. கசிவு 30 மில்லி ஆம்பியரானால் கண நேரத்தில் துண்டிக்கும் கருவி கடையிலிருக்க, நாமோ ஆயுத பூஜையன்று மீட்டர்ப் பெட்டிக்குக் குங்குமமிட்டு எலுமிச்சம்பழம் கட்டுகின்றோம்!

வீதியிலும் இதே கதைதான். 2022 ஏப்ரல் 27 விடியுமுன், தஞ்சைக்கருகே களிமேட்டில் அப்பர் விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டுச் சிறுவர்கள் உள்பட 11 பேர் மாண்டனர். சாமி கம்பியை விலக்கவில்லை என்றால் சிலருக்குக் கோபம் வரும்; வரட்டும். தேரையும் கம்பியையும் அளந்து, மின்சாரத்தை நிறுத்தியபின் நகர்த்தச் சொல்லும் பொறுப்பு யாருடையது என்பதே நமது கேள்வி.

கலசப்பாக்கம் தோழர்களே! அடுத்த வீட்டுக்குக் கம்பி இழுக்கும்போது லைசென்சு எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இணைப்புக் கொடுக்குமுன் உங்கள் எதிரிலேயே மெகர் வைத்துச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.