உங்கள் கைச் சீட்டு உங்களுடையது

சீட்டாட்டம் என்றாலே ஒருவர் ஜயிப்பதும் மற்றவர் தோற்பதும்தான் நமக்குப் பழக்கம். எல்லோரும் ஒரே கட்சியில் உட்கார்ந்துகொண்டு, எதிர்க்கட்சியில் ஆளே இல்லாமல் ஆடுகிற ஆட்டமும் உண்டு. அதுதான் 'ஆர்க்கம் ஹாரர்' என்ற திகில் சீட்டாட்டம். அமெரிக்காவில் ஃபான்டஸி ஃப்ளைட் கேம்ஸ் நிறுவனத்தார் 2016-ல் வெளியிட்டது. 2021-ல் வந்த திருத்திய பெட்டி ஒன்று இருந்தால் ஒருவர் முதல் நால்வர் வரை ஆடலாம். இதைப் பற்றி வந்த கடிதங்களில் நான்கை இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஆர்க்கம் என்பது எச். பி. லவ்க்ராஃப்ட் (1890-1937) என்ற கதாசிரியர், மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் இருப்பதாகக் கற்பனை செய்த ஊர். கதை நடப்பது 1920-களில். ஒவ்வொருவரும் ஒரு துப்பறிபவராக மாறித் தம் சொந்தச் சீட்டுக்கட்டோடு ஆடவேண்டும். ஒரு சுற்றில் ஆளுக்கு மூன்று காரியங்கள் செய்யலாம். துப்புகளைச் சேர்த்தால் கதை நமக்குச் சாதகமாக நகரும். சுற்றுதோறும் ஏறுகிற 'கேடு' நிறைந்துவிட்டால் பாதகமாக நகரும். எந்தக் காரியத்திலும் சோதனை வந்தால், ஒரு பையில் கையை விட்டு வில்லை ஒன்றை எடுக்கவேண்டும். அதில் உள்ள எண்ணை நம் திறமையோடு கூட்டியோ கழித்தோ பார்த்தால், தேவையான அளவு தேறவேண்டும். இனிக் கடிதங்களுக்கு வருவோம்.

"பேய் என் எதிரில் நிற்கும்போது நான் சும்மா ஒரு சீட்டை எடுத்துக் கீழே வைத்தேன். அதற்குள் அது என்னை அடித்துவிட்டது என்கிறார்கள். நியாயமா?" என்று ஒரு சகோதரி கேட்கிறார்.

நியாயந்தான், அம்மா. விழிப்போடு இருக்கும் எதிரி உங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது சண்டை போடுவது, தப்புவது, பேச்சு வார்த்தை நடத்துவது, ஆட்டத்தை விட்டு வெளியேறுவது ஆகிய இந்த நான்கைத் தவிர வேறெந்தக் காரியம் செய்தாலும் அதற்கு ஓர் அடி உண்டு. அடித்ததால் அது களைத்துப் போவதுமில்லை. சுற்றின் கடைசியில் எதிரிகளின் முறை வரும்போது மறுபடியும் அடிக்கும். ஆகையால் முதலில் அதைக் கொல்லுங்கள், அல்லது தப்பிவிடுங்கள். சமையல் மற்றதெல்லாம் பிறகு! 'துரிதம்' என்று குறித்த சீட்டுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவற்றைப் போடுவது காரியக் கணக்கில் சேராது.

அடுத்தது ஓர் அன்பர் கேட்பது: "பையில் கை விடுமுன் எவ்வளவு உபரி இருந்தால் பயமில்லை?"

சாதாரண நிலையில் பையில் 16 வில்லைகள். முதல் கதையை எடுத்துக்கொள்வோம். அறையில் பிணந்தின்னிப் பேய் எதுவும் இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் திறமை தேவைக்குச் சரிசமமாக இருந்தால் 16-ல் 6 வில்லைகளே உங்களுக்கு அனுகூலம். ஒன்று உபரியாக இருந்தால் 10. இரண்டு இருந்தால் 13. மூன்று இருந்தால் 14. நான்கு இருந்தால் 15. மீதி இருக்கிற ஒரு வில்லை, நீங்கள் எத்தனை உபரி வைத்தாலும் தோல்விதான். எனவே முக்கியமான சோதனை என்றால் இரண்டு உபரிக்கு முயலுங்கள். அதற்குமேல் சீட்டுகளைக் கொட்டுவது வீண் செலவு. சோதனையில் வைத்த சீட்டு ஜயித்தாலும் தோற்றாலும் கழிவுக்குத்தான் போகும்.

மூன்றாவது கடிதம் ஒரு கல்லூரி மாணவியுடையது: "தோழியைப் பிடித்திருந்த பேயை நான் சுட்டேன். குறி தவறியது. காயம் தோழிக்கு என்கிறார்கள்!"

ஆமாம். எதிரி மற்றொருவரோடு மல்லுக்கு நிற்கும்போது நீங்கள் தாக்கித் தவறினால், அடி அந்த மற்றவர்மேல் விழும். இதற்கு வழி உண்டு. ஒரு காரியத்தைச் செலவழித்து அந்த எதிரியை முதலில் உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். மீதி இரண்டு காரியங்களில் தாக்குங்கள். தவறினாலும் தோழிக்குக் காயமில்லை. ரோலண்ட் பாங்க்ஸ் என்ற துப்பறியும் அதிகாரிக்கு உடல்பலம் 9, மனோதிடம் 5. டெய்ஸி வாக்கர் என்ற நூலகப் பெண்மணிக்கு உடல்பலம் 5, மனோதிடம் 9. எந்த அடியை யார் தாங்கவேண்டும் என்பது இதிலேயே தெரிகிறதல்லவா?

கடைசிக் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அதனால் 'ஒரு சகோதரி' என்றே சொல்கிறேன்.

"என் கணவர் ரோலண்ட், நான் டெய்ஸி. ஆட்டத்தைக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் நான் யோசிப்பதற்குள் 'அதை வை, இதைப் போடு, நேரமில்லை' என்கிறார். நானும் போடுகிறேன். பெரும்பாலும் ஜயிக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை பதினைந்து வயது மகன் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, 'அம்மா, நீ ஆடறயா, இல்லே அப்பாவுக்குச் சீட்டைப் பிடிச்சுண்டிருக்கயா?' என்று கேட்டான். சிரித்தேன். இராத்திரி தூக்கம் வரவில்லை."

சகோதரி, உங்கள் கணவர் சொல்லும் காரணத்தை முதலில் பார்ப்போம். உண்மையிலேயே நேரமில்லையா? முதல் கதையின் ஆரம்பத்தில், பாதகச் சீட்டு நகர 3 கேடுகள் சேரவேண்டும். முதல் சுற்றில் கேடு விழுவதில்லை. ஆகவே உங்களுக்கு மூன்று முழுச் சுற்றுகள் கிடைக்கின்றன. இரண்டு பேருக்கும் சேர்த்து 18 காரியங்கள். கேட்டைக் கூட்டுகிற பொல்லாத சீட்டு நடுவே வந்தால் ஒரு சுற்று குறையலாம். அப்போதும் 12 இருக்கின்றன. சேர்க்கவேண்டிய துப்புகளோ இரண்டு பேர் ஆட்டத்தில் நான்கு. படிப்பறையில் துப்புத் தேடத் தேவையான அறிவு 2. டெய்ஸியின் அறிவு 5. அதாவது உபரி 3. பதினாறில் பதினாலு வில்லைகள் உங்கள் பக்கம். நீங்கள் ஒரு நிமிஷம் யோசிப்பதால் எந்தப் பேயும் வீட்டுக்குள் வந்துவிடாது!

அடுத்தது சட்டம். நீங்கள் சோதனை செய்யும்போது, அதே இடத்தில் இருக்கும் துணைவர் உங்களுக்கு உதவியாக ஒரு சீட்டு வைக்கலாம். ஒன்றே ஒன்று, அதுவும் தம் கையிலிருந்து. உங்கள் கையிலிருந்து எதை வைப்பது என்று முடிவு செய்யும் உரிமையைச் சட்டம் உங்களுக்கே கொடுத்திருக்கிறது. அந்த ஒரு சீட்டை அற்பமாக நினைக்கவேண்டாம். அதே படிப்பறையில் ரோலண்ட் தேடினால் அவருக்கு உபரி ஒன்றுதான், பத்து வில்லைகள். நீங்கள் அறிவுக் குறியுள்ள சீட்டு ஒன்றை அவருக்காக வைத்தால் அது பதின்மூன்றாகிறது. உதவி என்பது இதுதான். "நான் ஒரு சீட்டு வைக்கட்டுமா?" என்று கேட்பதற்கும் "இதைப் போடு" என்பதற்கும் இடையே உள்ள தூரம், ஒருவரோடு ஆடுவதற்கும் ஒருவரை வைத்து ஆடுவதற்கும் உள்ள தூரமல்லவா?

இன்னொரு விஷயமும் உண்டு; இதை அவரிடமே படித்துக் காட்டுங்கள். ஆபத்துக் கட்டில் சில சீட்டுகளில் 'பெரில்' என்ற சொல் அச்சாகியிருக்கும். அதை எடுத்தவர், அந்தச் சீட்டு தீரும்வரை யாரோடும் கலந்து பேசக்கூடாது. மற்றவர் சீட்டு வைக்கவும் கூடாது. அந்த நேரத்தில் பக்கத்திலிருந்து 'அதை வை, இதைப் போடு' என்று சொல்ல ஆள் கிடையாது. இதுவரை தாமாக ஒரு முடிவும் செய்து பழகாதவர் அன்றைக்கு மட்டும் எப்படிச் செய்வார்? உங்களைப் பழகவிடாமல் செய்வதால் நஷ்டம் உங்களுக்கு மட்டுமல்ல, ரோலண்டுக்கும்தான்.

ஆகவே என் யோசனை இது. அடுத்த ஆட்டத்தில் ஒவ்வொரு சுற்றின் ஆரம்பத்திலும் இருவரும் தாம் செய்ய நினைப்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். உங்கள் வாக்கியம் முதலில் வரட்டும். அவர் அபிப்பிராயம் சொல்லலாம். அனுபவஸ்தர், கேட்டுக்கொள்வதில் தவறில்லை. ஆனால் சீட்டைத் தொடுவது உங்கள் விரலாக இருக்கட்டும். அதற்கடுத்த ஆட்டத்தில் பாத்திரங்களை மாற்றிக்கொள்ளுங்கள். அவர் டெய்ஸியாக அமர்ந்து, ஐந்தே உடல்பலத்தோடு பேய்க்கு முன் நின்று பார்க்கட்டும். மூன்றாவது நாற்காலி ஒன்று போட்டு மகனையும் உட்கார வையுங்கள். பார்த்துக்கொண்டு நின்று சரியான கேள்வியைக் கேட்டவன் அவன்தானே!

தோற்றுவிடுவோமே என்கிறீர்களா? தோற்கலாம். இந்த ஆட்டத்தில் ஒரு கதை தோற்றாலும் பெரும்பாலும் அடுத்த கதை தொடரும். விழுந்தவர் ஒரு வடுவைச் சுமந்துகொண்டு அதை ஆரம்பிப்பார், அவ்வளவுதான். பிறர் சொல்லி ஜயித்த பத்து ஆட்டங்களில் கற்காததை, நீங்களே யோசித்துத் தோற்ற ஓர் ஆட்டத்தில் கற்றுக்கொள்வீர்கள்.

அந்த ஆட்டம் எப்படி முடிந்தது என்று எனக்கு எழுதுங்கள். ஜயமா தோல்வியா என்பதைவிட, முதல் சீட்டு எது, அதை ஏன் போட்டீர்கள் என்று எழுதினால் எனக்கு அதிக சந்தோஷம்.