சாயம் ஏற்றாத அந்தி

அந்தி வானத்தைப் படம் பிடிக்கிறவனைக் கண்டால் நம் விடுதியில் இரு கட்சியினர் எழுந்துவிடுகின்றனர். "கண் எதற்கு இருக்கிறது? நின்று பாரப்பா" என்பார் ஒரு சாரார். "இந்தச் சிவப்புப் போதாது, இன்னும் கொஞ்சம் ஏற்று" என்பார் மற்றொரு சாரார். நான் இருவரோடும் மாறுபடுகிறேன். முதற்கட்சியோடு சிறிது, இரண்டாம் கட்சியோடு மிகவும்.

முதற்கட்சிக்கு விடை எளிது. 1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிய சி. வி. இராமன், மத்தியதரைக் கடலின் நீலத்தை வெறுங்கண்ணால் மட்டுமா பார்த்தார்? கையில் ஒரு நிக்கோல் பட்டகம் வைத்திருந்தார். அதைக்கொண்டு வானத்தின் எதிரொளியை விலக்கிப் பார்த்து, கடலுக்கே உரிய நீலம் உண்டு என்று கண்டார். கருவி அவருடைய வியப்பைக் குறைத்ததா? 1928-இல் வந்த கண்டுபிடிப்புக்கு அந்த வியப்பன்றோ வழி திறந்தது! கைப்பேசி நிக்கோல் பட்டகம் ஆகாது என்பது எனக்கும் தெரியும். ஆயினும் படம் எடுக்க நின்றவன்தான் அடிவானத்தை உற்றுப் பார்க்கிறான்.

சென்ற தை மாதம் நாங்கள் நால்வர் அரியானாவில் ஜஜ்ஜர் மாவட்டத்துப் பிண்டாவாஸ் ஏரிக்குப் பறவை பார்க்கப் போனோம். பறவையைவிட மழையையே மிகுதியாகப் பார்த்தோம். மேற்கிலிருந்து வரும் அந்தக் குளிர்கால மழை கோதுமைக்கு நல்லது என்று உழவர் மகிழ்வர். நனைந்துபோய் ஒரு கடுகு வயலின் ஓரம் வண்டிக்காக நின்ற எங்களுக்கு அந்த மகிழ்ச்சி இல்லை. அன்றைக்கு அந்தி என்று ஒன்று உண்டு என்றே நாங்கள் எண்ணவில்லை. திடீரென்று மேற்கே மேகத்துக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு கீற்றுத் திறந்தது. அதன் வழியே ஞாயிறு மேகத்தின் அடிவயிற்றைக் கொளுத்திற்று. மஞ்சட் பூவெல்லாம் செம்பாயின. பேசிக்கொண்டிருந்த நால்வரும் வாயடைத்து நின்றோம்.

கைப்பேசியை எடுத்தேன். திரையில் தெரிந்ததோ வெளிறிய மஞ்சள்! தானியங்கும் கருவியின் இயல்பு அது. காட்சியில் சிவப்பு மிகுந்தால் விளக்கொளியின் குற்றம் என்று கருதித் தானே திருத்தும். இருள் மிகுந்தால் வெளிச்சத்தைக் கூட்டும். ஆகவே வெண்மைச் சமனைப் பகல் ஒளிக்கு நிறுத்தி, ஒளியளவைக் குறைத்து மீண்டும் எடுத்தேன். அவ்விடத்தில் அப்பருவத்தில் கதிரவனின் வட்டம் அடிவானைத் தொட்டு முழுதும் மறைய ஏறக்குறைய இரண்டரை நிமிடம். (நம் ஊரைவிடச் சற்று அதிகம், இங்கே அது சாய்ந்து இறங்குகிறது.) அதிலும் ஒரு வேடிக்கை: வட்டத்தின் கீழ்விளிம்பு அடிவானைத் தொடுவதாக நாம் காணும்போதே உண்மையில் வட்டம் முழுவதும் கீழே போயிருக்கும். காற்று ஒளியை வளைத்து, போனவனை நமக்குத் தூக்கிக் காட்டுகிறது.

நிற்க. இரண்டாம் கட்சிக்கு வருவோம்.

புகையும் தூசியும் மிகுந்தால்தான் அந்தி சிவக்கும் என்பது நம்மவரிடையே பரவியுள்ள எண்ணம். காற்றின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கும் என்பது 1871 முதல் ரேலியின் ஆய்வுகளால் தெளிந்த செய்தி. 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைக் காட்டிலும் நான்கு மடங்குக்கு மேல் சிதறுகிறது. அடிவானிலிருந்து வரும் ஒளி, உச்சியிலிருந்து வருவதைப்போல் 40 மடங்கை நெருங்கும் காற்றைக் கடக்கிறது. நீலம் வழியிலேயே போய்விடுகிறது. சிவப்பு வந்து சேர்கிறது. இதற்கு மழை கழுவிய காற்றே போதும். ஒளியலையின் அளவையொத்த, அதனினும் பெரிய துகள்களோ எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒன்றுபோலச் சிதறடிக்கும். அதனால்தான் தில்லியின் நவம்பர் மாலையில் கதிரவன் மங்கிய ஆரஞ்சு வில்லையாய்த் தொங்கி, அடிவானை எட்டுமுன்பே சாம்பலில் மறைகிறது.

"1883-இல் கிரகடோவா எரிமலை வெடித்தபின் உலகெங்கும் வானம் சிவந்ததே?" என்று ஒரு நண்பர் மடக்கினார். சிவந்தது, அது மேல்வளிமண்டலத்தில் பரவிய நுண்துளிகளின் வேலை, தரையில் தேங்கிய புகையின் வேலையன்று. அவ்வந்திகளை இலண்டனில் வில்லியம் ஆஸ்கிராஃப்ட் என்னும் ஓவியர் மாலைதோறும் நிறக்கோல்களால் வரைந்தார். 1888-இல் வெளிவந்த ராயல் சொசைட்டி அறிக்கையில் அவற்றுட் சில இடம்பெற்றன. வானத்தில் இருந்ததை வரைந்தார் என்று அறிஞர் நம்பியதாலன்றோ அந்த மதிப்பு!

நம் சங்கக் கண்காட்சியில் சென்ற முறை பலரும் புகழ்ந்த படத்தை நினைவிருக்கும்: நவம்பர் மாத யமுனைக் கரை, குங்குமம் கொட்டிய வானம். "அன்று கண் எரிந்தது, வானம் சாம்பல்தான். சிவப்பு நான் ஏற்றியது" என்று எடுத்தவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தப் படத்தை ஊரிலிருக்கும் என் அம்மாவுக்கு யாரோ அனுப்பியிருக்கிறார்கள். "புகை புகை என்கிறாயே, வானம் இவ்வளவு அழகாயிருக்கிறதே!" என்று தொலைபேசியில் கேட்டார். அடுத்த ஆண்டு இங்கே சேர எண்ணியிருக்கும் என் தம்பிக்கு மூச்சிரைப்பு உண்டு. அவனும் அந்தப் படத்தைத்தான் பார்த்திருக்கிறான்.

ஆகவே செயற்குழுவினருக்கு என் வேண்டுகோள் இது. இவ்வாண்டுக் கண்காட்சியில் ஒவ்வொரு படத்தின் கீழும் இடம், நாள், நேரம் எழுதுங்கள். கருவி வெளுத்ததைக் கண் கண்ட அளவுக்கு மீட்கலாம். அதற்குமேல் நிறம் ஏற்றிய படங்களுக்குத் தனிச் சுவர் கொடுங்கள், ஓவியம் என்று பெயரிட்டு. சுவர் பாதி மங்கலாக இருக்குமே என்று அஞ்சுகிறார் ஒருவர். நவம்பர் படங்கள் இருக்கட்டுமே, அப்படியே. பக்கத்தில் கடுகு வயற் படத்தையும் மாட்டத் தருகிறேன்.