சாடியின் அடியில் தங்கிய மெழுகு

நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாள். அன்று மாலை புதுச்சேரி உப்பளம் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தவர்கள் அக்காட்சியை எளிதில் மறப்பதில்லை. மலர் சூட்டிய கல்லறைகளின் மீது வரிசை வரிசையாக மெழுகுவத்திகள் எரியும். உடன் பணியாற்றிய மூத்த ஆசிரியர் ஒருவர் அங்கே உறங்குவதால் நாமும் சென்று ஒன்றை ஏற்றிவிட்டு வருவது வழக்கம். ஓர் ஆண்டு மறுநாள் காலையில் அவ்வழியே நடந்தபோது, கல்லில் உறைந்திருந்த மெழுகை ஒரு மூதாட்டி தகரத் துண்டால் சுரண்டிப் பையில் சேர்ப்பதைக் கண்டோம். அவருக்கு அது கழிவு அன்று, காசாகும் பொருள். நம்மைப் போன்ற படித்தவர் வீட்டில்தான் மெழுகு கழிவாகிறது.

இப்போது நறுமண மெழுகுவத்திகள் பெருகிவிட்டன. நேரு வீதிக் கடைகளில் நின்றால் ஆரோவில் பக்கத்திலிருந்து வருபவையும் வெளியூர்ச் சரக்குமாக விதவிதமாய்க் கிடைக்கும். பலவும் கண்ணாடிச் சாடியில் ஊற்றப்பட்டவை. புதுமனை புகுவிழா, பணி ஓய்வு என எதற்கும் பரிசாகத் தருகிறார்கள். இவை அடிவரை எரிவதில்லை, எரியவும் விடலாகாது. மெழுகு ஒரு செண்டிமீட்டர் அளவுக்குக் குறைந்ததும் அணைத்துவிட வேண்டும். அதற்கும் கீழே சுடர் இறங்கினால் சூடு தாங்காமல் கண்ணாடி வெடிக்கலாம். ஆகவே, விலையில் பாதி மதிப்புள்ள நல்ல சாடி, அடியில் சிறிது மெழுகு ஒட்டிய குற்றத்துக்காகக் குப்பைக்குப் போகிறது.

அச்சாடியைத் துப்புரவாக்கி மீண்டும் பயன்படுத்துவது கஞ்சத்தனம் என்று நண்பர் ஒருவர் நகையாடினார். அது நாகரிகம் என்பது நம் கட்சி. ஆனால், எப்படித் துப்புரவாக்குகிறோம் என்பதில்தான் அந்த நாகரிகம் நிற்கிறது அல்லது விழுகிறது. இதை நாம் நம் தவற்றால் கற்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் சாடியொன்றில் கொதிநீரை ஊற்றினோம். மெழுகு உருகி மிதந்தது. அப்படியே சமையலறைத் தொட்டியில் கவிழ்த்தோம். சாடி பளபளத்தது, மகிழ்ந்தோம். இரண்டு மூன்று சாடிகளுக்குப் பின் தொட்டியில் நீர் இறங்கவில்லை. குழாய் வேலை செய்பவர் வந்து கீழ்வளைவைக் கழற்றினார். உள்ளே வெள்ளை வளையமாக மெழுகு உறைந்து, சோற்றுப் பருக்கைகளைப் பிடித்து வைத்திருந்தது.

"நெய்ய ஊத்திட்டீங்களா சார்?" என்றார்.

"நெய் இல்லை, மெழுகு."

"வீட்டுக்குள்ள அடைச்சிது, நான் எடுத்துட்டேன். தெருவுல போயி அடைச்சிருந்தா யார் சார் எறங்கி எடுக்கறது?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. ஆயினும் இருபதாண்டு வகுப்பறையில் நாம் கேட்ட எந்தக் கேள்வியையும்விட அது கூர்மையாக இருந்தது.

நம் குழாய் எங்கோ ஓர் இன்மையில் முடிவதாக எண்ணிக்கொள்கிறோம். அது தெருச் சாக்கடையிலும் பாதாளச் சாக்கடையிலும் முடிகிறது. மெழுகு பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது. ஏறத்தாழ 50 முதல் 65 பாகை செல்சியசில் உருகும், குழாயின் குளிர்ச்சி பட்டதும் உறையும், நீரில் கரையாது. சாக்கடைக்குள் மனிதரை இறக்கும் கொடுமையைத் தடுக்க 2013-இல் சட்டம் வந்தது. அதன் பிறகும் நாடெங்கும் சாவுகள் நின்றபாடில்லை. 2024 ஜூனில் நம் ரெட்டியார்பாளையம் புதுநகரில், சாக்கடையின் நச்சுக்காற்று கழிவறை வழியே வீட்டுக்குள் புகுந்து மூன்று பெண்களின் உயிரைக் குடித்தது. அத்துயரத்துக்கும் மெழுகுக்கும் தொடர்பில்லை. ஆனால், நாம் கண்மறைவாக அனுப்புவது மறைந்துவிடுவதில்லை என்பதை அதற்குப் பின்னும் இவ்வூரார் மறக்கலாமா? வெள்ளையர் நகரையும் தமிழர் நகரையும் பிரித்த பெரிய வாய்க்கால் இன்றும் ஊர் நடுவே ஓடுகிறது. இரு கரையாரின் கழிவையும் அது வேறுபாடின்றியே கடல்நோக்கிச் சுமந்திருக்கிறது.

சரியான முறை எளியது. சாடியைச் சில மணி நேரம் குளிர்பதனப் பெட்டியின் உறைபனி அறையில் வைக்க வேண்டும். குளிர்ந்தால் மெழுகு கண்ணாடியைவிட மிகுதியாகச் சுருங்கும்; விளிம்பில் விடுபடும். மழுங்கிய கத்தியால் மெல்ல நெம்பினால் வில்லையாகக் கழன்று வரும். திரியைத் தாங்கும் தகர வட்டையும் பெரும்பாலும் கூடவே வந்துவிடும். வராத பிடிவாதச் சாடியை அறைச்சூட்டுக்கு வந்தபின் வெந்நீர் உள்ள பாத்திரத்தில், வெந்நீர் உள்ளே புகாதபடி நிறுத்தி வைக்கலாம். இளகிய மெழுகைப் பழைய கிண்ணத்தில் வடித்துக்கொள்ளலாம். உறைபனியிலிருந்து எடுத்த கையோடு வெந்நீரில் வைத்தால் கண்ணாடி விரிசல் விடும். அடுப்பின் மீது நேரே வைப்பது அதனினும் கேடு. அளவுக்கு மீறிச் சூடேறிய மெழுகு எண்ணெயைப் போலத் தீப்பிடிக்கும். எஞ்சிய பிசுக்கைப் பழைய தாளால் துடைத்துத் தாளைக் குப்பையில் இட்ட பிறகே சோப்பு நீர் தொட வேண்டும். ஒரு துளி மெழுகும் தொட்டிக்குள் போகலாகாது.

கிடைத்த மெழுகையும் எறிய வேண்டா. இழுப்பறை இறுகினால் அதன் ஓரங்களில் தேய்க்கலாம்; தைக்கும் நூலுக்குப் பூசலாம்; அகலில் உருக்கி ஊற்றித் திரியிட்டு மின்தடை இரவில் ஏற்றலாம். சாடியில் எழுதுகோலோ பொத்தான்களோ இடலாம். ஒரு கொடியை நீரில் வளர்க்கலாம். உப்பு, ஊறுகாய்க்கு வேண்டா. நறுமண எண்ணெயின் எச்சம் எளிதில் போகாது. அக்கண்ணாடியும் உணவுக்கென்று செய்யப்பட்டதன்று.

சுவாமிமலையில் சிற்பிகள் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கலந்து திருமேனி வனைவார்கள். அதன்மீது காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்துச் சூடேற்றுவார்கள். மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகம் நிறையும். அந்த மெழுகு அவர்களுக்கு வேலை முடிந்த பொருளே தவிர, வீண்பொருள் அன்று. பக்தி இலக்கியத்தில் உருகும் உள்ளத்துக்கு மெழுகை உவமையாகப் பலமுறை பாடம் சொல்லியிருக்கிறோம். உருகிய மெழுகு எங்கே போகும் என்று ஒருமுறையும் எண்ணியதில்லை.

நண்பரின் நகைப்பில் ஓர் உண்மை உண்டு, அதை மறைக்கலாகாது. ஒரு சாடிக்காக ஒரு பானை நீரைக் கொதிக்கவைத்தால் எரிவாயு வீண். நாற்பது சாடிகளைத் துப்புரவாக்கி அலமாரியில் அடுக்குவது மறுபயன்பாடு அன்று, அது சேகரிப்பு. துப்புரவாக்கத் தெரியும் என்ற துணிவில் மேலும் நான்கு வாங்குவது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. மேலும், இவ்வேலையை யோசனை சொன்னவரே செய்ய வேண்டும்; வீட்டுப் பெண்கள் தலையிலோ பணிப்பெண் தலையிலோ கட்டிவிட்டுச் சுற்றுச்சூழல் பேசுவது வெட்கக்கேடு.

நம் மேசையில் இப்போது ஒரே ஒரு சாடி இருக்கிறது. அதில் சுண்ணக்கட்டிகள் இருக்கின்றன. இவ்வாண்டும் உப்பளம் செல்வோம்; சாடியில்லாத சாதாரண மெழுகுவத்தி ஒன்றை ஏற்றுவோம். உருகி வழிவதை மறுநாள் காலை அந்த மூதாட்டியோ அவரைப் போன்ற ஒருவரோ எடுத்துக்கொள்ளட்டும்.