மிருதங்கம் கட்டுகிறவருக்கு மேடை எங்கே?

சென்னைப் பட்டணத்தில் மார்கழி மாதம் வந்துவிட்டால் சங்கீதத்துக்குக் குறைவே இல்லை. சபைகள் எத்தனை, கச்சேரிகள் எத்தனை, பட்டங்கள் எத்தனை என்று கணக்கெடுக்கவே தனி ஆள் வேண்டும். 1927 இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாநாட்டையொட்டி ஒரு சங்கீத மகாநாடு நடந்து, அதன் பயனாக 1928 இல் மியூசிக் அகாடமி ஏற்பட்டது. 1942 இல் சங்கீத கலாநிதி என்னும் பட்டம் உண்டாக்கப்பட்டது. அன்று முதல் பாடகர்களும், வீணை, பிடில், நாகசுரம், மிருதங்கம் வாசிக்கிறவர்களும், சங்கீத சாஸ்திரம் பேசுகிறவர்களும் அதைப் பெற்று வருகிறார்கள்.

இதை நாம் குற்றம் சொல்ல வரவில்லை. வித்துவான் பல வருஷம் பாடுபட்டுத்தான் வித்துவான் ஆகிறார். அவருக்கு மரியாதை செய்ய வேண்டியது நியாயமேயாகும். ஆனால் நாம் கேட்பது என்னவென்றால், அந்தப் பட்டியலில் வாத்தியம் செய்து கொடுத்தவர் ஒருவர் பெயராவது உண்டா என்பதுதான். ஒன்றுகூட இல்லை. வாத்தியமெல்லாம் ஆகாயத்திலிருந்தா விழுந்தது?

மிருதங்கத்தையே எடுத்துக்கொள்வோம். அது தேவ வாத்தியம் என்றும், நந்தி வாசித்தது என்றும் கதை சொல்லுகிறார்கள். நந்தி வாசித்தாரோ இல்லையோ, அவருக்குக் கட்டிக் கொடுத்தவன் யார் என்று மட்டும் அந்தக் கதையில் இல்லை. கதையிலேயே மறைத்துவிட்டவனைக் கச்சேரியில் மட்டும் காட்டுவார்களா?

உண்மையில் மிருதங்கம் எப்படி ஆகிறது? பலா மரத்தைக் குடைந்து கட்டை ஆகிறது. அதன் தலைகளுக்குப் பசுத்தோலும், ஆட்டுத்தோலும், எருமைத்தோலும் வேண்டும். இழுத்துக் கட்டுகிற வாரும் எருமைத்தோல்தான். இப்போது வாருக்குப் பதில் திருகாணி வைத்த மிருதங்கமும் வந்திருக்கிறது என்றாலும், மேடையில் பேசுகிற தலை பெரும்பாலும் தோல்தான். அந்தத் தோலைத் தேடிப்போய், கையால் தடவிப் பார்த்து, எது உதவும் எது உதவாது என்று பொறுக்கி, மயிர் நீக்கி, உலர்த்தி, ஊறவைத்து, வெட்டி, பின்னி, உடம்பிலுள்ள பலமெல்லாம் போட்டு இழுத்துக் கட்ட வேண்டும். பிறகு வலந்தலையில், சோற்றையும் ஒருவகைக் கல்லின் பொடியையும் சேர்த்துப் பிசைந்த சாதத்தை, ஒரு படலம் வைத்து, வழவழப்பான கல்லால் தேய்த்து, அது காய்ந்தபின் மறு படலம் வைத்து, இப்படியே நாதம் வருகிற வரையில் ஏற்ற வேண்டும். ஒரு படலம் கூடினாலும் குறைந்தாலும் சுருதி கெட்டுப் போகும். அடிக்கடி கச்சேரி செய்கிறவருக்குச் சில வாரங்களிலேயே இந்த வேலை திரும்ப வேண்டியிருக்கும். சுருதி தெரியாதவனால் இது முடியுமா? காது இல்லாதவனால் முடியுமா? இதைக் கூலி வேலை என்றும், அதையே தட்டுகிறதை வித்தை என்றும் பிரித்தது யார்?

பாலக்காடு மணி ஐயர் பெயரைக் கேளாதவர் இல்லை. 1966 இல் சங்கீத கலாநிதி பெற்ற முதல் மிருதங்க வித்துவான் அவரே. அவருடைய மிருதங்கத்தைக் கட்டியவர் தஞ்சாவூர் பர்லாந்து என்பவர். எந்தத் தோல், எத்தனை கனம், எப்படிப்பட்ட நாதம் என்று இருவரும் சேர்ந்து சோதனை செய்து கண்டுபிடித்தவை அநேகம். அப்படியிருக்க, ஐயர் பெயர் ஊரெங்கும் தெரிகிறது. பர்லாந்து பெயர் எத்தனை ரசிகர்களுக்குத் தெரியும்?

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பர்லாந்துவின் குடும்பமும் அதுபோன்ற பல குடும்பங்களும் தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து கிறிஸ்தவரானவர்கள். வாசிக்கிறவர்களில் வெகுபேர் பார்ப்பனர்கள். பசு கோமாதா, ஆனால் அதன் தோல் வேண்டும். தோல் வேண்டும், ஆனால் அதை உரித்தவனும் பதனிட்டவனும் வேண்டாம். வாத்தியம் பூஜை அறைக்குள் போகலாம். அதைச் செய்தவன் வாசலோடு நிற்க வேண்டும். இதுதான் இத்தனை காலமாக நடந்த ஏற்பாடு.

இந்தச் சங்கதியைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா விசாரித்து, “செபாஸ்டியன் அண்டு சன்ஸ்” என்று ஒரு இங்கிலீஷ் புத்தகம் எழுதி 2020 இல் வெளியிட்டார். அவரும் பார்ப்பனர்தான். அதன் வெளியீட்டு விழாவுக்குக் கலாக்ஷேத்திரம் முதலில் இடம் கொடுத்துவிட்டு, ஒற்றுமைக்குக் குந்தகம் வரும் என்பதாகக் காரணம் சொல்லிக் கடைசி நேரத்தில் மறுத்துவிட்டது. விழா வேறிடத்தில் நடந்தது. மாட்டுத்தோலை மேடையில் தட்டலாமாம். அது மாட்டுத்தோல் என்று மேடையில் சொன்னால் குந்தகமாம்! இது எந்த ஊர் நியாயம்?

நிற்க, யாருக்குமே கௌரவம் இல்லை என்று நாம் சொல்லவில்லை. மானாமதுரையில் கடம் செய்த மீனாட்சி என்கிற அம்மையாருக்குச் சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்தது. நாகசுரம் செய்கிற நரசிங்கம்பேட்டைக்கு 2022 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷமே. ஆனால் ஊருக்குக் கிடைத்த பெயர் ஆளுக்கும் கிடைக்க வேண்டாமா? எப்போதோ ஒருவருக்கு ஒரு விருது என்பது விதிவிலக்கே தவிர விதியாகாது.

ஆகவே சபைக்காரர்களுக்கும் ரசிகர்களுக்கும் நாம் சொல்லுவது இவ்வளவுதான்.

1. கச்சேரி அழைப்பிதழில் வாசிக்கிறவர் பெயரோடு வாத்தியம் கட்டியவர் பெயரையும் அச்சிட வேண்டும். இதற்குச் செலவு ஒரு வரி மைதான்.

2. பட்டம் வழங்கும் மேடையில் அவருக்கும் நாற்காலி போட வேண்டும். பின்வாசலில் வைத்துப் பொன்னாடை போர்த்துவது கௌரவமாகாது.

3. காலை வேளைகளில் நடக்கும் சங்கீத விளக்கக் கூட்டங்களில், தோலைப்பற்றியும் நாதத்தைப்பற்றியும் அவரையே பேசச் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரிந்தது கைவேலை மாத்திரமல்ல, அறிவுமாகும்.

4. கூலியை வித்துவானின் தயவுக்கு விட்டுவிடாமல் நியாயமான விகிதம் ஏற்படுத்த வேண்டும். அவருடைய பிள்ளை வாசிக்கக் கற்க வந்தால், உன் வேலை கட்டுவதுதான் என்று திருப்பி அனுப்பக் கூடாது.

தோழர்களே! சபைக்காரர்களைச் சொல்லிவிட்டு நாம் சும்மா இருப்பதும் சரியல்ல. நம் ஊரில் நாடகமோ பொதுக்கூட்டமோ நடந்தால், மேடையில் பேசினவருக்கு மாலை போடுகிறோம். பந்தல் போட்டவர், விளக்குக் கட்டினவர், ஒலிபெருக்கி வைத்தவர், மறுநாள் காலையில் அந்த இடத்தைக் கூட்டினவர், இவர்களில் ஒருவர் பெயரையாவது கேட்டு வைத்துக்கொண்டோமா? மேடைக்குக் கீழே மனிதர் இல்லை என்கிற புத்தி பட்டணத்துச் சபையில் இருந்தாலும் ஒன்றுதான், பட்டிக்காட்டுத் திடலில் இருந்தாலும் ஒன்றுதான். அடுத்த கூட்டத்திலிருந்து அந்தப் பெயர்களைக் கேட்டு மேடையில் சொல்லுங்கள். நாம் செய்துவிட்டுக் கேட்டால்தான் சபைக்காரர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.