கப்பலை விட்டபின் கணினிக் காவல்



பெங்களூருவில் கடல் இல்லை. ஆயினும், கடற்படையில் 15 ஆண்டுகள் பணிபுரிந்து, முப்பத்தைந்து வயதளவில் ஓய்வு பெற்று, பிள்ளைகளின் படிப்புக்காக இங்கே குடியேறிய தமிழ்ச் சகோதரர்கள் உண்டு. அவர்களில் சிலர் அடுக்குமாடி வாயிலில் காவலராக நிற்கிறார்கள். அது நேர்மையான வேலையே. ஆனால் ஜாம்நகரின் ஐ.என்.எஸ். வல்சுராவில் மின்னியல் பயின்று, கப்பலின் ரேடாரையும் தகவல் தொடர்புக் கருவிகளையும் பராமரித்த கைகளுக்கு வேறொரு காவற்பணி காத்திருக்கிறது.

2017 ஜூன் 27-ல் நாட்பெட்யா என்னும் நாசநிரல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகளை உலகெங்கும் முடக்கியது. மும்பைக்கு அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்திய முனையமும் ஸ்தம்பித்தது. நான்காயிரம் சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்தே நாட்களில் புதிதாக அமைக்க வேண்டியதாயிற்று. கானா நாட்டு அலுவலகத்தில் மின்வெட்டினால் அணைந்திருந்த ஒரு கணினி தப்பியது. அதிலிருந்த நகலே வலையமைப்பை மீட்க உதவியது. (மின்வெட்டுக்கு நன்றி சொன்னவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்!) அதே மாதம் கருங்கடலில் இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்களின் ஜி.பி.எஸ். கருவிகள், அவை நிலத்திலுள்ள ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின.

சர்வதேச கடல்சார் அமைப்பு அந்த ஜூன் மாதத்திலேயே தீர்மானம் நிறைவேற்றியது. அதன்படி 2021 முதல் கப்பல் நிறுவனங்கள் தங்கள் பாதுகாப்பு ஏற்பாடுகளில் கணினி ஆபத்தையும் சேர்த்தாக வேண்டும்.

நம் நகரில் கணினிப் பொறியாளருக்குப் பஞ்சமில்லையே என்பீர்கள். அலுவலகத்தில் சந்தேகம் எழுந்தால் அவர் சர்வரை நிறுத்திவிடலாம். நடுக்கடலில், அலைகளின் நடுவே, இயந்திரக் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு யோசிக்க முடியாது. எதை நிறுத்தலாம், எதைக் கையால் இயக்கலாம் என்பதைக் கப்பலில் இருந்தவரே அறிவார்.

எனினும் கடற்படை அனுபவம் மட்டும் போதாது. வலையமைப்பையும் அதன் பாதுகாப்பையும் முறையாகக் கற்றுச் சான்றிதழ் பெற வேண்டும். மறுகுடியமர்வு இயக்குநரகம் ஓய்வுக்கு முன்பே பயிற்சிகளுக்கு வழி செய்கிறது. பலர் அதைக் கேட்பதேயில்லை. வேலை வாங்கித் தருவதாகப் பணம் கேட்கும் முகவர்களிடம் போகாதீர்கள். நேர்காணலில் கடற்படை ரகசியங்களைச் சொல்லித் திறமையைக் காட்டவும் வேண்டாம். அது சட்டப்படி குற்றம்.

மனைவிமாருக்கு ஒரு வார்த்தை. ஓய்வூதியம் வரத் தொடங்கும் முதல் ஆண்டிலேயே, "எந்த வேலையானாலும் சேருங்கள்" என்று அவசரப்படுத்தாதீர்கள். அந்த ஓர் ஆண்டைப் படிப்புக்கு விட்டுக்கொடுங்கள். 2022-க்குப் பின் அக்னிவீரராகச் சேர்ந்த தம்பிகளில் பெரும்பாலோருக்கு நான்கே ஆண்டுகள்தான் பணி, ஓய்வூதியமும் கிடையாது. அவர்கள் கப்பலில் இருக்கும்போதே படிக்கத் தொடங்கட்டும்.